மேட்டில் ஓடும் ஆறு

நான் பி.எஸ்ஸி. பூகோளம் படித்தவள். இதைச் சொன்னால் இன்றைக்கும் எதிரில் இருப்பவர் ஒரு நொடி யோசிக்கிறார். எழுபதுகளின் கடைசியில் யோசிக்கவெல்லாம் மாட்டார்கள், நேராகச் சிரித்துவிடுவார்கள். "பூகோளமா? அதுல என்னாம்மா சயின்ஸு இருக்கு?" என்று நெரவியில் எங்கள் தெருவில் கேட்காத ஆளில்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "உங்க வாசல்ல மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ற சயின்ஸு" என்று எரிந்து விழுவேன். உள்ளேயிருந்து அம்மா, "வாயப் பாரு இவளுக்கு" என்பாள்.

உண்மையில் நான் கேட்டது கெமிஸ்ட்ரி. கிடைக்கவில்லை. காரைக்காலில் நான் சேரப் போன பெண்கள் கல்லூரியில், பூகோளத்தில்தான் இடம் காலியாக இருக்கிறது, வேண்டுமானால் சேர்ந்துகொள் என்றார்கள். வந்த கோபத்தில் சேர்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், எனக்கு நடந்த நல்லதெல்லாம் கோபத்தில் செய்ததுதான்.

சேர்ந்த பிறகு பிடித்துப்போனது. மற்ற வகுப்புப் பெண்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் வெயிலில் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மைதானத்தை அளப்போம். கறுத்துப்போனோம். மேப் வரைகிற இந்தியன் இங்க் தாவணியில் பட்டால் அந்தத் தாவணி அவ்வளவுதான். என்னிடம் புள்ளி இல்லாத தாவணியே கிடையாது. கண்ணாடி மேசைக்கு அடியில் பல்பைப் போட்டு, மேலே மேப்பை விரித்து, டிரேசிங் தாளில் கோடு இழுக்கும்போது மூச்சுகூட விடக் கூடாது. பொழுதன்னைக்கும் பேசிக்கொண்டே இருக்கும் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த ஒரே இடம் அந்த மேசைதான்.

எனக்குப் பக்கத்து மேசை திருவேட்டக்குடிப் பெண்ணுக்கு. அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் நிதானம். எனக்குக் கோபம் வருவதற்கு முன்பே அது அவளுக்குத் தெரிந்துவிடும். ஸ்கேலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள், நான் மேசையில் அடித்து உடைத்துவிடுவேன் என்று. அப்படி இரண்டு ஸ்கேல் ஏற்கெனவே உடைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷத்திலேயே எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. மெட்ராஸுக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். ஹாஸ்டலில் தங்கிப் படித்து, எங்கள் மிஸ் மாதிரி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் இந்தியாவை வரைய வேண்டும். இதைத் திருவேட்டக்குடிப் பெண்ணிடம் மட்டும்தான் சொன்னேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஏனென்றால் வீட்டில் அப்பா இருந்தார். கெட்டவர் இல்லை, என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "தனியாவா?" கடைத்தெருவுக்குப் போகிறேன் என்றாலும் தனியாவா, கோயிலுக்குப் போகிறேன் என்றாலும் தனியாவா. கல்லூரிக்கு விட்டதே, எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அதே பஸ்ஸில் போனார்கள் என்பதால்தான். காலையில் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால், பொழுது சாய்வதற்குள் பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்துவிட வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ராத்திரி என்று ஒன்று இருப்பதாகவே அப்பா நினைக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த உலகம் எங்கள் வயலும், அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலும்தான். எங்களுடையது கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊர் ஊராக நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும்; எங்களைத் தாண்டினால் கடல். ஆடி மாதம் முழுக்க அப்பா விடியும்போதே மதகுக்குப் போய் நின்று வறண்ட வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவார். "மேல உள்ளவன் இன்னும் விடலை" என்பார். மேலே உள்ளவன் என்று அப்பா சொன்னால் அது கடவுள் இல்லை, கும்பகோணம் பக்கத்து விவசாயி.

மூன்றாம் வருஷம், புரட்டாசியில், என் மானம் கப்பலேறியது. வகுப்பில் ஒரு பரீட்சை வைத்தார்கள். மிஸ் ஒரு மலைப்பகுதியின் காண்டூர் படத்தைக் கொடுத்தார். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்து இழுக்கிற வளைகோடுதான் காண்டூர். கோட்டின்மேல் உயரம் எழுதியிருக்கும். அதை வைத்து எது மேடு, எது பள்ளம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, இந்த இடத்தில் ஆறு எப்படி ஓடும் என்று நீல மையால் வரைய வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

நான் மேட்டைச் சரியாகக் கண்டுபிடித்தேன். அந்த மேட்டின் முதுகுமேலேயே ஆற்றை வரைந்தேன். அதோடு விட்டேனா? கீழே வரவர ஆற்றை இரண்டாகப் பிரித்து, அந்த இரண்டை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பள்ளத்துக்குள் இறக்கிவிட்டேன். அழகாக வந்திருந்தது. முதல் ஆளாக எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் மிஸ் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் திட்டத் தெரியாது. என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஏங் கண்ணு, ஆறு எப்படி மலை முதுகுல ஏறிப் போகும்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. திருவேட்டக்குடிப் பெண் என் ஸ்கேலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"ஆறு மேலதான மிஸ் போவும்? கீழ போனா வயலுக்கு எப்படித் தண்ணி ஏறும்?" என்றேன்.

"ஆறு பள்ளத்துலதான் கண்ணு ஓடும்."

"எங்க ஊர்ல மேட்டுலதான் ஓடுது. வயலுதான் பள்ளம். வேணும்னா வந்து பாருங்க."

சிரிப்பு இன்னும் கூடிற்று. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. மலையை நான் கண்ணால் பார்த்ததில்லை. வகுப்பில் பாதிப் பேர் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் அது பாலம்தான். ஆனால் மிஸ் சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, அளந்து பார்த்திடலாம்" என்றார்.

சொன்னபடியே அந்தச் சனிக்கிழமை வகுப்பு முழுக்க நெரவிக்கு வந்து இறங்கியது. மூன்று கால்மேல் தொலைநோக்கி வைத்து மேடு பள்ளம் அளக்கிற லெவல் கருவி, ஆளுயரத்துக்கு மேல் நீளமான அளவுகோல் எல்லாவற்றையும் வாய்க்கால் கரையில் கொண்டுவந்து வைத்தோம். நடவு முடிந்து வயலில் பயிர் பச்சைபிடித்திருந்தது. வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. கரையில் கருவி, வயலில் அளவுகோல். கோலை யார் சேற்றில் இறங்கிப் பிடிப்பது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரப்பில் நின்றுகொண்டிருந்த அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"பயிரை மிதிக்காம நான் புடிக்கிறேங்க" என்றார் மிஸ்ஸிடம்.

ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று சொன்னோம். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். நான் கருவியில் கண்ணை வைத்தேன். அந்தக் காலத்துக் கருவிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அப்பா தலைகீழாகத் தெரிந்தார். காலுக்கு மேலே சேறு, தலைக்குக் கீழே வானம், கையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட கோல். என் பரீட்சைக்காக அப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோலில் எத்தனை என்று மிஸ் இரண்டுமுறை கேட்ட பிறகுதான் படித்துச் சொன்னேன்.

ஆற்றிலிருந்து பிரிந்து வந்த வாய்க்கால் தண்ணீர் வயலைவிட ஒரு முழம் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "அட, ஆமா கண்ணு!" என்றார் மிஸ். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைத் தானே உயர்த்திக்கொண்ட கதையை அங்கேயே, கரையில் நின்றபடி சொன்னார். இங்கே ஆறு பிரிவதும் சரி, மேட்டில் ஓடுவதும் சரி. ஆனால் மலையில் பள்ளத்தில்தான் ஓடும், பிரியாது, ஒன்றோடொன்று வந்து சேரும். "நீ உங்க ஊரை மலை மேல கொண்டுபோய் வச்சுட்டே. மலையைப் பார்க்காம உனக்கு இது வராது சாமி" என்றார். நான் ஜெயித்தேன், ஆனால் மார்க் சைபர்தான்.

அப்பாவுக்கும் கருவிக்குள் பார்க்க ஆசை. நான் போய்க் கோலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை வைத்தவர் பதறிப்போய் நிமிர்ந்தார். "என்னா ஆயி, தலைகீழா நிக்கிற?" என்றார். என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

"நான் நேராத்தாம்ப்பா நிக்கிறேன். பொட்டிதான் அப்படிக் காட்டுது."

மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார், கால் தரையில்தான் இருக்கிறதா என்று. கல்லூரிப் பெண்கள் இதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அறுவடை முடிந்து மாசி மாதம் வந்தபோது நீலகிரி டூர் என்று சொன்னார்கள். எங்கள் பாடத்தில் டூர் போயே ஆக வேண்டும். போய்வந்து படம் வரைந்து அறிக்கை எழுதினால்தான் பிராக்டிகலில் மார்க். பிராக்டிகலில் போனால் டிகிரியே போயிற்று. டிகிரி போனால் மெட்ராஸ் எங்கே, எம்.எஸ்ஸி. எங்கே. இவ்வளவையும் மனசுக்குள் போட்டு உருட்டி, ஒருநாள் அப்பா சாப்பிட்டுக் கைகழுவும் நேரம் பார்த்துச் சொன்னேன்.

"தனியாவா?" என்றார்.

"தனியா இல்லப்பா. வகுப்பு முழுக்கப் போவுது. மிஸ்ஸும் வர்றாங்க."

"நம்ம வூட்டுலேருந்து தனியாத்தான?"

கத்தினேன். சாப்பிட மாட்டேன் என்று போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவருகிட்ட நான் பேசுறேன், நீ தின்னு" என்றாள். பேசினாள். பக்கத்து அறையில் கேட்டது. அப்பா கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவரோ, "பயமா இருக்கு புள்ள, நான் என்னா பண்றது?" என்றார் அம்மாவிடம். எனக்கு அதற்குமேல் கத்த முடியவில்லை. அழத்தான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவேட்டக்குடிப் பெண் கையில் மீனோடு வந்தாள். அம்மாவிடம் மீனைக் கொடுத்துவிட்டு, அப்பா முன்னால் போய் உட்கார்ந்தாள். "அப்பா, எங்கப்பா கடலுக்குப் போவுறப்ப எங்கம்மாவுக்கும் பயந்தான். அதுக்காவ கூடவா போவ முடியும்? கரையிலதான் நிப்பாங்க" என்றாள்.

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். அப்பா வெகுநேரம் யோசித்தார். யோசித்து, அவள் சொன்னதில் எதைப் பிடிக்கக் கூடாதோ அதைப் பிடித்துக்கொண்டார்.

"கூடப் போனா என்னா?" என்றார். "நானும் வரேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. எங்கேயாவது உண்டா? கல்லூரி டூருக்கு அப்பாவா? மிஸ் நிச்சயம் முடியாது என்பார் என்று நம்பிப் போய்ச் சொன்னேன். மிஸ் சிரித்துவிட்டு, "வரட்டும் கண்ணு. ஒரு ஆம்பளைத் துணை வேணும்னுதான் பிரின்சிபால் சொல்லிட்டு இருக்காங்க" என்றார். என் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

வேனில் அப்பா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் பச்சைத் துண்டு, மடியில் மஞ்சள் பை, பைக்குள் அம்மா சுட்ட முறுக்கு. நான் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். பேசுவதில்லை என்று முடிவு. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு பாலம் வரும்போதும் திரும்பி, "இது எந்த ஆறு ஆயி?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்ப்பேன். திருவேட்டக்குடிப் பெண் சொல்வாள். "அரசலாறுதாம்ப்பா... இது குடமுருட்டி... இது வெண்ணாறு." திருச்சியில் காவேரிப் பாலத்தின்மேல் வேன் ஏறியபோது அவர் திரும்பிக் கேட்கவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ பெருசா இருக்கே, நமக்கு வர்றப்ப மட்டும் ஏன் வாய்க்காலா வருது?" என்று டிரைவரிடம் கேட்டது பின்வரிசை வரைக்கும் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மலை ஏறினோம். முதல் வளைவிலேயே காது அடைத்துக்கொண்டது. எங்களில் நாலு பேர் வாந்தி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், பார்த்தேன், அப்படிப் பார்த்தேன். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் மிஸ் வேனை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் இறங்கினோம். எதிரில் மலை, இந்தப் பக்கம் மலை, நடுவில் இறங்கிக்கொண்டே போகிற பள்ளம். பள்ளத்தின் அடியில் நூல் மாதிரி ஏதோ பளபளத்தது.

"எங்க கண்ணு ஆறு?" என்றார் மிஸ் என்னைப் பார்த்து.

"கீழ இருக்கு மிஸ்" என்றேன். அந்தத் தாளில் இருந்த வளைகோடுகளெல்லாம் எழுந்து நின்றுவிட்டன. எண் கூடுகிற பக்கம் மேலே போயிற்று, குறைகிற பக்கம் கீழே போயிற்று. பக்கத்து மலையிலிருந்து இன்னொரு ஓடை இறங்கிவந்து அந்த நூலோடு சேர்ந்தது. பிரியவில்லை, சேர்ந்தது. மூன்று வருஷமாக மண்டையில் ஏறாதது கண்வழியாக ஏறிவிட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்பா துண்டைத் தலையில் சுற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குளிரில் உதடு நடுங்கியது. அவர் பள்ளத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சரிவில், உயரத்தில், தட்டுத் தட்டாக வெட்டிக் கிழங்கு போட்டிருந்த தோட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு மிஸ்ஸிடம் கேட்டார்.

"ஏங்கம்மா, ஆறு அவ்ளோ கீழ கெடக்கே. மேல இருக்கறவங்களுக்கு யாருங்க தண்ணி வுடுறது?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"மழைதானுங்க" என்றார் மிஸ்.

"மழை இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லைதானுங்க."

"அடப்பாவமே!" என்றார் அப்பா. மனசாரச் சொன்னார். மேலே உள்ளவன் என்று அதுவரைக்கும் அவர் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் மேலே, தண்ணீர் விட ஆளே இல்லாமல் ஒரு விவசாயி இருக்கிறான் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் மேலே, ரோட்டோரத்துப் பாறையில் தண்ணீர் வழிந்தது. பெரிய அருவி இல்லை; கையகலத் தண்ணீர், பாறையில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் பள்ளத்துக்குள் போனது. மிஸ் எங்களை வட்டமாக நிறுத்தி, இது எங்கே போகும் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். இது கீழே பவானியில் சேரும், பவானி காவேரியில் சேரும்.

"காவேரிக்கா?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"ஆமாம்ப்பா." அந்த டூரில் நான் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

"அப்ப நம்மளுக்கு வர்றது இதுதானா?"

"இதுவுந்தாம்ப்பா. இந்த மாதிரி எத்தனையோ சேர்ந்து வருது."

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கிட்டே போய்க் குனிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். குடித்த கையைத் தலையில் தடவிக்கொண்டார். "யப்பா, என்னா ஜில்லுன்னு இருக்கு! நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள வெந்நியாப் போயிடுது" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு அவர் அந்தத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் நுழைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வந்த வழியெல்லாம், திருச்சிப் பாலம், கும்பகோணம், அரசலாறு என்று அவர் மனசு திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"இத்தினி தூரம் தனியாவா ஆயி வருது?" என்றார்.

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் குனிந்து ஒரு கை குடித்தேன். பல் கூசியது. திரும்பும்போது முன்வரிசையில் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டேன். இறங்குகிற வழியெல்லாம் எது மேடு, எது பள்ளம், எந்த ஓடை எங்கே சேருகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்குமேல் தூங்கிவிட்டார். தூங்கினாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். காண்டூர் படம்தான் கேள்வி. இந்தத் தடவை ஆற்றைப் பள்ளத்தில் ஓடவிட்டேன். ஓடைகளையெல்லாம் கொண்டுவந்து அதில் சேர்த்தேன். ஆனால் அந்தச் சரிவில் மேலே ஏதாவது தோட்டம் இருக்குமோ, அவர்களுக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல மார்க் வந்தது. மெட்ராஸுக்கு மனு போட்டேன். இடமும் கிடைத்தது.

அதன்பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தேன். அப்பா, "தனியாவா?" என்று கேட்பார், நான் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நாலு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "எத்தினி வருஷம்?" என்றார்.

"ரெண்டுப்பா."

"ம்" என்றார். அவ்வளவுதான். மதகுப் பக்கம் போய்விட்டார். அம்மாவிடம் கேட்டால், "எனக்கும் ஒண்ணும் சொல்லல" என்றாள். பணம் கட்டிச் சேருவதற்குப் போனபோது கூடவே வந்தார். ஹாஸ்டல் வாசலில் இருந்த காவலாளியிடம் அரைமணி நேரம் பேசினார். சுவரின் உயரத்தைப் பார்த்தார். பணம் கட்டியாயிற்று, ஆனால் அனுப்புவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. ராத்திரியில் தூக்கமில்லாமல் புரண்டேன்.

கிளம்புகிற நாள் வந்தது. ஆடி பிறந்திருந்தது, வாய்க்கால் வறண்டு கிடந்தது. தகரப் பெட்டியில் துணியை அடுக்கிவிட்டு வாசலுக்கு வந்தால், அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் அதே பச்சைத் துண்டு. கையில் அதே மஞ்சள் பை. போச்சு, ஹாஸ்டலிலும் வந்து உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். காரைக்கால் வரைக்கும் பஸ்ஸில் உர்ரென்று வந்தேன். பாலத்தைத் தாண்டும்போது அப்பா ஜன்னல் வழியாக எட்டி அரசலாற்றைப் பார்த்தார். மணல்தான் கிடந்தது.

மெட்ராஸ் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, நீங்க எங்க வர்றீங்க?" என்றேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத்தான் என் குரல் இருந்தது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மெட்ராஸ் ரெண்டா?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். மஞ்சள் பையை என் மடியில் வைத்தார். முறுக்கு வாசனை வந்தது. என் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்துவிட்டு, கண்டக்டரிடம் சொன்னார்.

"ஒண்ணுதாங்க. பொண்ணு தனியாத்தான் போவுது."